பேகன் போர்த்தாத குருவி

பகலும் இரவுமாகக் கொட்டிய பனி விடியற்காலையில்தான் ஓய்ந்தது. ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டு வாசற்படி எது, தெரு எது என்று பிரித்தறிய முடியவில்லை. கார் நின்ற இடத்தில் ஒரு வெள்ளை மேடு இருந்தது. பனி கொட்டும்போது குளிர் அவ்வளவாக இராது. கொட்டி முடிந்து வானம் வெளித்த பிறகுதான் கடுங்குளிர் இறங்கும். கனடாவுக்குக் குடிவந்தவர்கள் முதல் வருடத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம் இது. மேகம் என்னும் கூரை விலகியதும் நிலத்தின் சூடு தடையில்லாமல் வானுக்குப் போய்விடுகிறது. அன்று காலை வெப்பமானி மைனஸ் 24 காட்டியது.

அம்மா சமையலறை யன்னலருகே தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி நின்றார். யாழ்ப்பாணத்தில் எழுபது வருடம் வாழ்ந்துவிட்டு இங்கே வந்தவர். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழியைச் சொல்லி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பனிக்காலத்தைக் கடந்தவர். யன்னலுக்கு வெளியே இலையுதிர்ந்த கொப்பில் ஒரு குருவி. கறுப்புத் தொப்பி, வெள்ளைக் கன்னம், கட்டைவிரல் பருமன். அது உடம்பை உப்பிப் பஞ்சு உருண்டைபோல ஆக்கிக்கொண்டு எங்களைப் பார்த்தது.

"தம்பி, உந்தக் குருவி ராத்திரி முழுக்க எங்க கிடந்தது? உதுக்கு ஆர் போர்வை போர்த்தினது?" என்று அம்மா கேட்டார்.

எனக்குச் சட்டென்று பேகன் நினைவு வந்தது. கடையெழு வள்ளல்களில் ஒருவன். இன்று பழனி என்று நாம் வழங்கும் பொதினி மலைக்கு உரியவன். மயில் ஒன்று குளிரில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை எடுத்து அதன்மேல் போர்த்தினான். மயில் அதை உடுத்துமா, அதற்கு அது தேவையா என்று அவன் கணக்குப் பார்க்கவில்லை. அதனால்தான் இரண்டாயிரம் ஆண்டு கழிந்தும் அவனைப் பேசுகிறோம். ஆனால் பேகன் வராத காடுகள் எத்தனை! இந்த வடதேசத்தில் கோடிக்கணக்கான உயிர்கள் ஒவ்வொரு மாரியையும் வீடில்லாமல், அடுப்பில்லாமல் கடந்து வசந்தத்தைக் காண்கின்றன. அவற்றுக்குப் போர்த்தியவன் யார்? அம்மாவின் கேள்விக்கு விடை தேடப் போனவன், படைப்பின் முன்னால் கைகூப்பி நின்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆறு கை நட்சத்திரம்

முதலில் அந்தப் பனியையே பார்ப்போம். கறுப்புக் கம்பளிச் சட்டையின் கையில் வந்து விழும் ஒரு பனித்துகளை மூச்சுப் படாமல் உற்றுப் பாருங்கள். ஆறு கைகள் இருக்கும். ஐந்தோ ஏழோ இருக்காது. 1611ஆம் ஆண்டில் வானியலறிஞர் கெப்ளர் இதற்கென்றே ஒரு சிறு நூல் எழுதினார். கோள்களின் பாதையைக் கணக்கிட்ட அந்த மேதையால், ஏன் ஆறு என்ற கேள்வியை எழுப்ப முடிந்ததே தவிர முழு விடையைக் காண முடியவில்லை.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற சிற்றூரில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி மகன் இருந்தார். அவருடைய தாய் ஒரு பழைய நுண்ணோக்கியை அவருக்குக் கொடுத்தார். அதில் பனித்துகளைப் பார்த்த சிறுவன் மயங்கிப்போனான். அந்த அழகு உருகி மறையுமுன் அதைப் பிடித்து வைக்க வேண்டும் என்ற தவிப்பில், நுண்ணோக்கியைக் கமெராவுடன் பொருத்தி, 1885 ஜனவரி 15ஆம் தேதி ஒரு பனித்துகளைப் படம் பிடித்தார். அப்போது அவருக்கு வயது 19. அதன்பின் வாழ்நாள் முழுவதும், குளிர்ந்த கொட்டிலில் மூச்சை அடக்கியபடி 5,000க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். 1931 டிசம்பரில், பனிப்புயலில் நடந்து வீடு திரும்பிய பின் நிமோனியா கண்டு இறந்தார். தான் வணங்கிய பனியின் நடுவிலேயே அவர் காலம் முடிந்தது.

ஆறு கையின் இரகசியம் நீரின் மூலக்கூற்றில் இருக்கிறது. ஓர் ஒட்சிசன், இரண்டு ஐதரசன். உறையும்போது இந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து ஆறு மூலை கொண்ட கூடாக அடுக்கிக்கொள்கின்றன. கூட்டின் நடுவே வெற்றிடம் விடுகின்றன. அந்த வெற்றிடத்தால் பனிக்கட்டி நீரைவிட ஏறத்தாழ 9 விழுக்காடு அதிக இடம் பிடிக்கிறது, ஆகவே மிதக்கிறது.

மிதப்பது பெரிய காரியமா என்று நினைக்கலாம். பெரும்பாலான பொருள்கள் உறைந்தால் கனத்து, தம் திரவத்தில் அமிழ்ந்துவிடும். நீரும் அப்படி இருந்திருந்தால் ஏரிகள் அடியிலிருந்து உறைந்து மேலே வந்து, மீன் ஒன்றும் மிஞ்சாமல் கல்லாகியிருக்கும். நீரோ 4 டிகிரியில் மிகக் கனமாகி அடியில் தங்குகிறது; அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே வந்து உறைந்து மூடியாகிறது. மேலே மைனஸ் 30இல் காற்று ஊளையிட, மூடியின் கீழே மீன்கள் அசைந்துகொண்டிருக்கின்றன. பனித்துகளுக்கு ஆறு கை தந்த அதே அடுக்குமுறைதான் மீனுக்கு உயிரும் தந்தது. இங்கே அழகும் கருணையும் ஒரே சட்டத்திலிருந்து பிறக்கின்றன.

பனியின் அடியில் ஒரு வீடு

புதிதாய் விழுந்த பனியைக் கையில் அள்ளினால் எடையே தெரியாது. அதில் பத்தில் ஒன்பது பங்கு காற்று. ஆறு கை நட்சத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது அவற்றின் கைகளுக்கிடையே காற்று சிறைப்படுகிறது. ஓடுகிற காற்று உடம்பின் சூட்டைப் பறித்துக்கொண்டு போகும். அசையாமல் அடங்கிய காற்றோ சூட்டை வெளியே விடாது. வாடைக் காற்று ஆளைக் கொல்லும்; அதே காற்றைச் சிறு சிறு அறைகளில் அடைத்து வைத்தால் அது போர்வையாகும்.

அதனால் ஒரு சாண் பனி படிந்ததும் நிலத்தில் ஓர் அற்புதம் நிகழ்கிறது. கோடையில் மண் சேமித்த வெப்பம் மேலே போக வழியில்லாமல் பனியின் கீழே தங்குகிறது. அடிப்பனி மெல்ல ஆவியாகி மேலேறிப் படிய, நிலத்துக்கும் பனிக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டாகிறது. மேலே மைனஸ் 30 ஆனாலும் அங்கே பூச்சியத்தை ஒட்டிய நிலை. அந்த மங்கிய நீல வெளிச்சத்தில் வயல் எலிகளும் மூஞ்சூறுகளும் பாதை வெட்டி, இரை தேடி, கூடு கட்டிக் குடித்தனம் நடத்துகின்றன. அவற்றுக்கு ஆபத்து வருவது பனி பெய்யும்போதல்ல. பனி பெய்யாமல் வெறும் குளிர் மட்டும் வரும்போதுதான். நாம் எதைக் கண்டு கதவைச் சாத்துகிறோமோ, அது அவற்றுக்குக் கூரை.

ரஃப்ட் கிரவுஸ் என்னும் காட்டுக்கோழிக்கும் இது தெரியும். இலையுதிர் காலத்தில் அதன் கால்விரல் ஓரங்களில் சீப்புப் பல்போல முளைகள் வளர்கின்றன, அவை பனியில் கால் புதையாமல் தாங்குகின்றன, வசந்தத்தில் உதிர்ந்துவிடுகின்றன. இரவில் அது மரத்திலிருந்து பறந்துவந்து நேரே மென்பனிக்குள் பாய்ந்து மறைகிறது. நடந்து போகாததால் காலடித் தடம் இல்லை. தடம் இல்லாததால் நரிக்கு வழி தெரியாது. விடிந்ததும் பனி வெடித்ததுபோல் சிறகடித்து வெளியே வரும்.

வேட்டையாடும் பிராணிகளையும் படைத்தவன் மறக்கவில்லை. பெரிய சாம்பல் ஆந்தையின் வட்ட முகம் ஒலியைக் குவிக்கும் தட்டு. அரை மீட்டர் பனிக்கடியில் எலி நகரும் மெல்லிய சத்தத்தைக் கேட்டு, கண்ணால் காணாமலே பாய்ந்து பிடித்துவிடும். ஒளிந்திருக்க ஒன்றுக்கு இடம் கொடுத்தவன், தேடிப் பிடிக்க இன்னொன்றுக்குச் செவி கொடுத்தான்.

பத்துக் கிராம் உயிர்

இப்போது அம்மாவின் குருவிக்கு வருவோம். அதன் பெயர் சிக்கடீ. அது கூப்பிடுவதும் அதே பெயரைத்தான். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் காணும் பட்டாணிக்குருவியின் உறவு. எடை பத்துப் பன்னிரண்டு கிராம். நம் உடல் வெப்பம் 37 டிகிரி. அதன் உடல் 42 டிகிரியில் எரிகிறது. வெளியே மைனஸ் 24, உள்ளே பிளஸ் 42. அந்த 66 டிகிரி இடைவெளியைக் காத்து நிற்பது விரற்கடை கனமான இறகு மட்டுமே.

உப்பியிருந்தது என்றேனே, அதுதான் அதன் போர்வை. இறகுகளை நிமிர்த்தி அவற்றிடையே காற்றை அடக்கிக்கொள்கிறது. பனி செய்ததையே குருவியும் செய்கிறது. அது போதாத கடுங்குளிர் இரவில் மரப்பொந்தில் ஒதுங்கி, மார்புத் தசைகளை இரவு முழுவதும் நடுங்கவைத்துச் சூடு உண்டாக்குகிறது. கையிருப்புக் கொழுப்பு விடியும்வரை போதவேண்டுமே! அதற்காகத் தன் உடல் வெப்பத்தைப் பத்து டிகிரிக்கும் மேலாக இறக்கி, விளக்குத் திரியைக் குறைத்து வைப்பதுபோல உயிரைக் குறைத்து வைக்கிறது. விடியுமுன் திரியைத் திரும்ப ஏற்றுகிறது. எண்ணெய் முடிகிற வேளையில் பொழுதும் விடிகிறது.

பகலில் சாப்பாடு? இலையுதிர் காலத்திலேயே அது விதைகளை ஆயிரக்கணக்கில், இடத்துக்கு ஒன்றாக, பட்டை இடுக்குகளிலும் பாசிகளிலும் ஒளித்து வைக்கிறது. ஒளித்த இடத்தை ஒரு மாதம் வரை நினைவில் வைத்திருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தினமும் தேடுகிற நான், அந்தச் சிறு தலையை வணங்குகிறேன்.

அதற்கு இன்னொரு களஞ்சியமும் உண்டு. ஒன்ராறியோவின் தரிசு நிலங்களில் கோல்டன்ராட் என்ற மஞ்சள் பூச்செடி காய்ந்து நிற்கும். சில தண்டுகளின் நடுவே கோலிக்குண்டு அளவில் ஒரு வீக்கம் தெரியும். அதற்குள் ஒரு ஈயின் புழு மாரிக்காலத்தைக் கழிக்கிறது. அந்த மெல்லிய அறை குளிரைத் தடுக்காது. புழு உறைந்தே போகிறது. ஆனால் அதன் உடலில் கிளிசரோல், சோர்பிட்டோல் போன்ற இனிப்புப் பொருள்கள் சேர்ந்து, உயிரணுக்கள் சிதையாமல் காக்கின்றன. இதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. வசந்தத்தில் அது ஈயாக மாறும்போது கடிக்கும் வாய் இருக்காது. தண்டைத் துளைத்து வெளியேற முடியாது. ஆகவே இலையுதிர் காலத்திலேயே, பல் இருக்கும் புழுவாக உள்ளபோதே, வெளித்தோல் வரை ஒரு சுரங்கத்தைத் தோண்டி, கடைசியில் காகிதம் போன்ற ஒரு படலத்தை மட்டும் கதவாக விட்டுவிட்டுத் திரும்பி வந்து உறங்குகிறது. தனக்குச் சிறகு முளைக்கும் என்று அந்தப் புழுவுக்குச் சொன்னது யார்?

சிக்கடீ அந்த வீக்கத்தைக் கொத்தித் திறந்து சில புழுக்களைத் தின்கிறது. தப்பியவை சிறகு பெறுகின்றன. பனிவெளி முழுவதும் இப்படிப் பந்தி விரிக்கப்பட்டிருக்கிறது.

கல்லுக்குள் தேரை

கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் படியளப்பவன் என்று நம் வீடுகளில் இறைவனைச் சொல்வார்கள். இந்த நாட்டில் ஒரு தவளை, தானே கல்லாகி உயிர்வாழ்கிறது.

காட்டுத்தவளை என்று அதற்குப் பெயர். விரல் நீளம்; கண்ணோரம் கறுப்புப் பட்டை. கனடாவின் பெரும்பகுதியில் உண்டு. வடக்கே அலாஸ்காவில் ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி வாழ்கிறது. மற்றத் தவளைகள் குளத்தடிக்குப் போக, இதுவோ காட்டில் உதிர்ந்த இலைச் சருகின் கீழ் கிடக்கிறது. குளிர் வந்ததும் அதன் தோலில் பனி தொடுகிறது. தொட்ட சில நிமிடங்களில் ஈரல் சர்க்கரையைக் குருதியில் கொட்டத் தொடங்குகிறது. மனிதனைக் கொன்றுவிடும் அளவுக்குக் கொட்டுகிறது. அந்தச் சர்க்கரை உயிரணுக்களுக்குள் புகுந்து அவற்றின் உட்புறம் உறையாமல் காக்க, வெளியே உள்ள நீர் மட்டும் பனிக்கட்டியாகிறது. உடல் நீரில் மூன்றில் இரண்டு பங்கு உறைகிறது. மூச்சு நிற்கிறது. இதயம் நிற்கிறது. எடுத்து மேசையில் தட்டினால் கல்போல ஒலிக்கும்.

1982இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஷ்மிட் இந்தத் தாங்குதிறனை உலகுக்கு அறிவித்தார். ஒட்டாவாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் கென்னத் ஸ்டோரியும் ஜேனட் ஸ்டோரியும் அதன் உள்வேலையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அலாஸ்காவின் ஃபேர்பாங்க்ஸ் பகுதித் தவளைகள் ஏழு மாதம் வரை உறைந்து கிடந்து, மைனஸ் 18 டிகிரியையும் கண்டு, ஒன்றுகூடச் சாகாமல் எழுந்ததை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது.

வசந்தத்தில் பனி உருகும்போது முதலில் இதயம் ஒருமுறை துடிக்கிறது. பிறகு இன்னொரு முறை. அடுத்து மூச்சு, அதன்பின் கால். ஒரு நாளுக்குள் அந்தக் கல் தத்திப் போய்க் குளக்கரையில் அமர்ந்து இணையைக் கூப்பிடுகிறது. ஏப்ரல் மாதம், கரையோரப் பனி முழுதாய்க் கரையுமுன்பே, ஸ்கார்பரோவின் ரூஜ் பள்ளத்தாக்கில் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன். வாத்து முணுமுணுப்பது போன்ற சாதாரண ஒலிதான். ஆனால் மாதக்கணக்கில் துடிக்காமல் கிடந்த நெஞ்சிலிருந்து வருகிறது என்று அறிந்து கேட்டால் மெய் சிலிர்க்கும்.

குளிரில்லாமல் இனிப்பில்லை

குளிரைத் தாங்குவது ஒரு வகை. குளிரைக் கேட்டு வாங்குகிற உயிர்களும் உண்டு. இங்கே இலையுதிர் காலத்தில் விதைக்கும் கோதுமை, பனியின் கீழ் சில வாரக் குளிரை அனுபவித்தால்தான் கோடையில் கதிர் விடும். ஆப்பிள் மரத்துக்கும் போதிய குளிர்நாட்கள் கிடைக்காவிட்டால் மொட்டு ஒழுங்காக மலராது. மேப்பிள் மரத்தில் இரவு உறைந்து பகல் உருகும் மார்ச் மாத நாட்களில்தான் இனிப்புநீர் ஓடுகிறது. 40 லீற்றர் நீரைக் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாகு. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இந்த மண்ணின் முதற்குடிகள் அதை அறிந்திருந்தார்கள். காலைத் தோசையில் அதை ஊற்றித் தின்னும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்வேன்: "இது குளிர் காய்ச்சின பாகு."

மனிதருக்குக் கிடைத்த போர்வை

எல்லாருக்கும் ஏதோ ஒன்று கிடைத்திருக்க, மயிரும் இறகும் இல்லாத நமக்கு என்ன கிடைத்தது?

பிறந்த குழந்தைக்கு நடுங்கத் தெரியாது. அதற்குப் பதிலாகத் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்திலும் பழுப்புக் கொழுப்பு என்ற ஒரு சிறு அடுப்போடு பிறக்கிறது. அது எரிந்து சூடு தருகிறது. வளர்ந்தவர்களுக்கு நடுக்கம். கடுங்குளிரில் உடம்பு கை கால்களின் குருதியை உள்ளே இழுத்து, இதயத்தையும் மூளையையும் காக்கிறது. ஆனாலும் விரல்களை முற்றாகக் கைவிடுவதில்லை. இடையிடையே குழாயைத் திறந்து கொஞ்சம் சூட்டை அனுப்புகிறது. 1930இல் மருத்துவர் தாமஸ் லூயிஸ் இதை விளக்கினார்.

உடம்பைவிடப் பெரிய கொடை அறிவு. ஆர்க்டிக்கின் இனுயிட் மக்கள் பனிக்கு எதிராகப் பனியையே கொண்டு வீடு கட்டினார்கள். காற்றில் இறுகிய பனியைப் பாளம் பாளமாக வெட்டி, சுருளாக அடுக்கி எழுப்பும் குவிமாடம் அது. நுழைவாயில் தாழ்வாக, படுக்கும் மேடை உயரமாக இருக்கும். குளிர்ந்த காற்று கீழே தங்க, வெதுவெதுப்பு மேலே நிற்கும். கல்விளக்கில் கடல்நாய்க் கொழுப்பு எரிந்தது. உடுத்தியது காரிபு மானின் தோல். அதன் ஒவ்வொரு மயிரும் உள்ளே குழலாக இருந்து காற்றை அடக்குகிறது. எலிக்கும் கோழிக்கும் குருவிக்கும் அருளிய அதே இரகசியத்தை அவர்கள் பார்த்துப் பழகிக் கற்றுக்கொண்டார்கள்.

நாமும் கற்கலாம். ஒரே தடித்த சட்டையைவிட மூன்று மெல்லிய சட்டை நல்லது. இடையில் காற்று நிற்கும். விரல் பிரிந்த கையுறையைவிட விரல்கள் சேர்ந்திருக்கும் கையுறை நல்லது. ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும். காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 28ஐத் தாண்டினால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். காதோ மூக்கோ வெளுத்து மெழுகுபோல் மரத்தால் தேய்க்கக் கூடாது. உள்ளே போய் மெல்லச் சூடேற்ற வேண்டும். பனியில் புதைந்த காரை இயக்குமுன் புகைக்குழாயைத் துப்புரவாக்க வேண்டும். மின்சாரம் போனால் கரியடுப்பை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. அது விடும் நச்சுவாயுவுக்கு மணமில்லை. இதய நோய் உள்ளவர்கள் பனி அள்ளக் கூடாது. குருவிக்கு இறகு எப்படியோ, இந்தக் கவனம் நமக்கு அப்படி.

கனடாவில் பதிவான மிகக் கடுங்குளிர் மைனஸ் 63 டிகிரி. யூகொன் பிரதேசத்தின் ஸ்னாக் என்ற இடத்தில் 1947 பெப்ரவரி 3ஆம் தேதி. அந்த வருடமும் வசந்தம் வந்தது. அந்தக் குளிரையும் கடந்து சிக்கடீக்கள் பாடின; எங்கோ சருகின் கீழ் ஒரு தவளையின் நெஞ்சு மறுபடி துடித்தது.

இதையெல்லாம் ஒரு மாலை அம்மாவுக்குச் சொன்னேன். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "எல்லாத்துக்கும் அவன் போர்த்தித்தான் விட்டிருக்கிறான். மனுசருக்குத்தான் மனுசர் போர்த்த வேணும்" என்றார். பிறகு பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் முதியவளுக்கு ஒரு சட்டியில் சூப் ஊற்றி என் கையில் தந்தார்.

பேகனின் செயலுக்குப் பொருள் எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. மயிலுக்கு அவன் போர்வை தேவைப்படவில்லை. ஆனால் போர்த்த நீளும் கைதான் மனிதருக்கு அருளப்பட்ட போர்வை. ஆகவே அடுத்த பனிப்புயல் ஓய்ந்ததும், உங்கள் வாசலைத் துப்புரவாக்கிய சவளோடு இன்னும் பத்து அடி நடந்து, அடுத்த வீட்டு வாசலையும் துப்புரவாக்குங்கள். தனியாக இருப்பவரின் கதவைத் தட்டி, வீடு சூடாக இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.